புதுக் கணினியில் கருகல் வாடை: எங்கே தேடுவது, எப்படித் தேடுவது?

கணினிப் பக்கம் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம். நாங்கள் சேலம் அம்மாப்பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கிறோம். பின்கட்டில் தறிகள் ஓடுகின்றன, முன்கட்டில் குடியிருக்கிறோம். பிளஸ் டூ முடித்துப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் மகனுக்கு, படிப்புக்கும் ஆகும், அவன் ஆசைப்பட்ட விளையாட்டுகளுக்கும் ஆகும் என்று, சென்ற மாதம் ஒரு கேமிங் கணினியைக் கடையில் சொல்லி அசெம்பிள் செய்து வாங்கினோம். 750 வாட் பவர் சப்ளை, 16 பின் கனெக்டர் உள்ள கிராபிக்ஸ் கார்டு, வண்ண விளக்கு எரியும் ஆறு விசிறிகள் என்று பில்லில் இருக்கிறது. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இப்போது அவன் விளையாட ஆரம்பித்து அரை மணி நேரம் ஆனால் அறையில் ஏதோ தீய்ந்த வாடை வருகிறது, நாளுக்கு நாள் அது கூடுவதாகவும் எனக்குத் தோன்றுகிறது. பாடம் படிக்கும்போதோ படம் பார்க்கும்போதோ வருவதில்லை. பிராசஸர் 72 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 68 டிகிரி என்றுதான் மென்பொருள் காட்டுகிறது என்கிறான் மகன். கடைக்காரரைக் கேட்டால், "புது மெஷின்னா கொஞ்ச நாள் வாடை வரத்தாம்மா செய்யும், டெம்பரேச்சர் நார்மலாத்தானே இருக்கு" என்கிறார். எம்சிபி ஒருமுறைகூட விழவில்லை. இருந்தும் எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: உங்களுக்கு மனசு ஒப்பாதது மிகச் சரி. கீழே சொல்லியிருப்பதைப் பார்த்து முடிக்கும் வரை அந்தக் கணினியை இயக்க வேண்டாம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வாடை எங்கிருந்து வருகிறது என்று அறிய, மறுபடியும் ஓடவிட்டு மோந்து பார்க்க வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. கருகிய இடத்தில் பெரும்பாலும் அதன் தடம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதைக் கண்ணால் பார்க்கலாம், கிட்டே போனால் மூக்கும் காட்டிக் கொடுக்கும்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. விளையாடும்போது மட்டும் வாடை வருகிறது என்றால், மின்னோட்டம் அதிகமாகப் பாயும்போது மட்டும் சூடேறுகிற இடம் ஒன்று இருக்கிறது என்று பொருள். கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும்போது 30 வாட் எடுக்கிறது, விளையாட்டின்போது 300 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வருவது 12 வோல்ட் மின்சாரம். ஆகவே முதலில் பாய்வது இரண்டரை ஆம்பியர், பிறகு பாய்வது 25 ஆம்பியர். ஓர் இணைப்பு சரியாகப் பொருந்தாமல் இருந்தால், அங்கே உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மின்னோட்டம் பத்து மடங்கானால் வெப்பம் நூறு மடங்காகும். படம் பார்க்கும்போது தொட்டால்கூடத் தெரியாத ஒரு தளர்ந்த இணைப்பு, விளையாட்டின்போது பிளாஸ்டிக்கையே உருக்கும் அளவுக்குச் சூடாவது இப்படித்தான்.

மென்பொருள் காட்டும் 72, 68 என்ற எண்கள் பொய்யல்ல. நல்ல எண்களே. ஆனால் அந்த வெப்பமானிகள் இருப்பது பிராசஸர் சிப்புக்குள்ளும் கிராபிக்ஸ் சிப்புக்குள்ளும், மதர்போர்டில் ஓரிரு இடங்களிலும்தான். கனெக்டரின் பின்னிலோ, பவர் சப்ளையின் கேபிளிலோ, சுவரில் இருக்கும் சாக்கெட்டிலோ சாதாரணமாக வெப்பமானி எதுவும் கிடையாது. அங்கே கருகிக்கொண்டிருந்தாலும் திரையில் எல்லாம் நார்மலாகவே தெரியும். எம்சிபி விழாததும் இதே கதைதான். 230 வோல்ட்டில் 450 வாட் எடுக்கும் கணினி, சுவரிலிருந்து இழுப்பது ஏறக்குறைய இரண்டு ஆம்பியர். 16 ஆம்பியருக்கு மேல் போனால் விழ வேண்டிய எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கசிவு மின்சாரத்தைப் பார்த்து விழும் ஆர்சிசிபியும் இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் இங்கே மின்சாரம் கசியவில்லை, போக வேண்டிய வழியில்தான் திணறிப் போய்க்கொண்டிருக்கிறது. தளர்ந்த இணைப்பைக் கண்டு எச்சரிக்கும் கருவி சாதாரண வீட்டில் எதுவுமில்லை. உங்கள் மூக்குதான் அந்தக் கருவி. அதை நம்பாமல் திரையில் தெரியும் எண்ணை நம்பச் சொல்வதுதான் கடைக்காரர் செய்யும் தவறு.

அவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. புதுக் கணினியில் சுருள்களின் மேல் பூசிய வார்னிஷ், சிப்புகளின் மேல் வைத்த வெப்பத் திண்டுகளின் சிலிக்கான், பற்றவைப்பில் மிஞ்சிய பசை ஆகியவை முதல் சில நாட்கள் சூட்டில் லேசான மணத்தை விடும். அந்த மணம் முதல் நாளில் அதிகமாகவும், போகப் போகக் குறைந்தும், கேபினெட் முழுவதும் ஒரே மாதிரியாகவும் இருக்கும். முதல் வாரம் இல்லாமல் பிறகு தொடங்கி, நாளுக்கு நாள் கூடுவது புது மணத்தின் இயல்பல்ல.

முதல் வாரம் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்ற கேள்விக்கு உங்கள் வீட்டிலேயே ஒரு காரணம் இருக்கக்கூடும். தறி ஓடும் வீட்டில் தரையும் சுவரும் நாள் முழுக்க அதிர்கின்றன. கணினியை வைத்திருக்கும் மேசையில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, தறி ஓடும்போது அதன் மேற்பரப்பைப் பாருங்கள். தண்ணீர் நடுங்கினால் கேபினெட்டும் நடுங்குகிறது. முழுமையாக அழுந்திக் கொக்கி விழுந்த கனெக்டரை இந்த அதிர்வு ஒன்றும் செய்யாது. முக்கால்வாசி மட்டும் நுழைந்து நின்ற கனெக்டரோ, சில நாட்களில் மயிரிழை மயிரிழையாகப் பின்னுக்கு நகரலாம். உங்கள் கணினியில் நடந்திருப்பது இதுவாக இருக்கலாம் என்பதே என் முதல் சந்தேகம். ஆனாலும் சந்தேகத்தை வைத்து நேராக உள்ளே போகாமல், சுவரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவதுதான் முறை.

முதலில் சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு கணினியின் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மதர்போர்டில் தேங்கிய மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். பவர் சப்ளைப் பெட்டிக்குள் இருப்பது இப்படி வடிந்துவிடும் என்று நம்பக் கூடாது. அதனுள்ளே 380 வோல்ட்டுக்கு நெருங்கிய மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உயிருக்கு ஆபத்தான அளவு மின்சாரத்தை வைத்திருக்கக்கூடும். அந்தப் பெட்டியின் திருகில் யாரும் கை வைக்கக் கூடாது, கல்லூரியில் மின்னியல் படிக்கப் போகும் பிள்ளையாக இருந்தாலும் சரி.

இப்போது பிளக்கைக் கையில் எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல பிளக்கின் பித்தளைப் பின் மூன்றும் ஒரே நிறத்தில் பளிச்சென்று இருக்கும். சூடேறிய பின் பழுப்பாகவோ நீலம் படர்ந்தோ இருக்கும், அதன் அடியில் பிளாஸ்டிக் சற்றே வழிந்து வளையம் போலத் திரண்டிருக்கும். இஸ்திரிப் பெட்டியின் பிளக் கருகுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த அடையாளம் புதிதல்ல. அந்தச் சாக்கெட்டின் துளைகளையும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் அதன் துளைகளையும் மோந்து பாருங்கள். சுவிட்ச், சாக்கெட் செய்யும் ஒருவகைக் கெட்டிப் பிளாஸ்டிக் சூடேறினால் மீன் கவிச்சி போல நாறும். வீட்டில் மீனே வாங்காத நாளில் அப்படி ஒரு கவிச்சி வந்தால் சுவிட்ச் போர்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்த பவர் சப்ளைகளோடு சில நேரம் ஐரோப்பிய உருண்டைப் பின் பிளக் உள்ள கேபிள் வந்துவிடுகிறது. கடையில் அதற்கு ஒரு கன்வெர்ட்டரை மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கன்வெர்ட்டரில் பின் தளர்வாக நிற்கும், எர்த் இணைப்பும் பல நேரங்களில் சேராது. கேபினெட்டைத் தொட்டால் விறுவிறுவென்று இருக்கிறது என்று மகன் எப்போதாவது சொல்லியிருந்தால் அதுதான் காரணம். கன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள மூன்று பின் கேபிளை வாங்கி நேராகச் சுவர்ச் சாக்கெட்டில் மாட்டுங்கள்.

சுவரில் குறை இல்லையென்றால் கேபினெட்டின் பின்புறம் வாருங்கள். பவர் சப்ளைக்கு என்று தனியாக ஒரு சல்லடை வாய் பின்னால் இருக்கும், பெரும்பாலும் அடியில். அந்த வாயருகே வாடை அடர்ந்திருந்தால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். இங்கே உங்கள் வீட்டைப் பொறுத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பவர் சப்ளையின் விசிறி கேபினெட்டின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. அங்கே ஒரு வலை வடிகட்டி இருக்கும், இழுத்தால் கழன்று வரும். தறிக்கூடத்தின் பஞ்சுத் தூசியும் பாவிலிருந்து உதிரும் கஞ்சிப் பொடியும் சேர்ந்தால் ஒரே மாதத்தில் அந்த வலை கம்பளி போல மூடிக்கொள்ளும். கேபினெட்டைத் தரையில் வைக்காமல் ஒரு முக்காலியின் மேல் வைத்து, வலையை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டினால் போதும். தறி மோட்டார்கள் கிளம்பும் நொடியில் ஓட்டத்தின்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், ஒரே மின்மாற்றியில் இருக்கும் வீடுகளில் வோல்டேஜ் சட்டென்று தாழ்ந்து எழும். நல்ல பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டிருக்கும். வோல்டேஜ் குறையும்போது அது அதிக ஆம்பியரை இழுத்து ஈடுகட்டுகிறது. ஆகவே வோல்டேஜ் இறக்கத்தாலேயே நல்ல பவர் சப்ளை கருகிவிடும் என்று பயப்பட வேண்டாம். பில்லில் 750 வாட் என்று மட்டும் எழுதி, எந்தத் தயாரிப்பு, எந்த மாடல் என்று எழுதாமல் விட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் கவலைப்படலாம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். நேர்மையான 750 வாட் பவர் சப்ளையில் அது 60 ஆம்பியருக்கு மேல் இருக்கும்.

இனிக் கேபினெட்டின் பக்கக் கதவைத் திறக்கலாம். கை வைக்கும் முன் கைபேசியில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள். கனெக்டர்கள் மாட்டியிருந்த நிலையிலேயே எடுத்த படம் பிறகு உங்களுக்குச் சாட்சியாக நிற்கும்.

நேராகக் கிராபிக்ஸ் கார்டின் 16 பின் கனெக்டருக்குப் போங்கள். இதன் வரலாறு கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டுகள் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே, இந்த வகைக் கனெக்டர் உருகியதாகப் பல நாடுகளிலிருந்து படங்கள் வெளியாயின. கனெக்டர் முழுமையாக அழுந்தாமல் இருந்தது பல நிகழ்வுகளில் பொதுவாகக் காணப்பட்டதாக என்விடியா நிறுவனம் அந்த ஆண்டு நவம்பரில் அறிவித்தது. 2023-இல் வடிவம் திருத்தப்பட்டது. மின்சாரம் போகும் பின்கள் சற்று நீளமாயின, உணர்வுக்கான நான்கு சிறு பின்கள் குட்டையாயின, இதனால் கனெக்டர் சரியாக அழுந்தாவிட்டால் கார்டு இயங்க மறுக்கும் வாய்ப்பு கூடியது. ஆனால் திருத்தத்துக்குப் பிறகும், 575 வாட் வரை இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுகளில் உருகிய நிகழ்வுகள் 2025-இல் வெளியாயின. காரணம் எளிது. 12 வோல்ட்டைச் சுமப்பவை ஆறு பின்கள்தான். ஆறும் சமமாகச் சுமந்தால் உங்கள் மகனின் கார்டு 300 வாட் இழுக்கும்போது ஒவ்வொன்றிலும் நான்கு ஆம்பியர் அளவே பாயும், கவலையில்லை. சில பின்கள் சரியாகத் தொடாவிட்டால் அவற்றின் சுமையும் மற்றவற்றின் தலையில் விழுகிறது. எந்தப் பின் எவ்வளவு சுமக்கிறது என்று பெரும்பாலான கார்டுகள் கவனிப்பதே இல்லை.

கனெக்டரைக் கழற்றும் முன் அதைப் பக்கவாட்டில் பாருங்கள். கேபிளின் தலைக்கும் கார்டின் குழிக்கும் இடையே நகம் நுழையும் இடைவெளி தெரிந்தால், அது முழுமையாக உட்காரவில்லை. கேபினெட்டின் கண்ணாடிக் கதவு கேபிளை அழுத்தி வளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கனெக்டரிலிருந்து குறைந்தது 35 மில்லிமீட்டர் தூரம் நேராகப் போன பிறகே கேபிள் வளைய வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. பிறகு கொக்கியை அழுத்திக் கனெக்டரை நேராக இழுத்து, கேபிள் பக்கத்துத் துளைகளை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆரோக்கியமான துளையின் விளிம்பு கூர்மையான சதுரமாக இருக்கும். சூடேறிய துளையின் விளிம்பு மழுங்கிப் பழுப்பேறியிருக்கும், சில நேரம் கொப்பளம் போலப் பூத்திருக்கும், உள்ளே பின் கறுத்திருக்கும். பன்னிரண்டு பெரிய துளைகளில் ஒன்று அப்படி இருந்தாலும் போதும், வாடையின் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். உப்புத்தாளால் தேய்த்து, "இனிச் சரியாகிவிடும்" என்று மறுபடி மாட்டித் தந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஒருமுறை சூட்டில் தளர்ந்த பின்னுக்கு இறுகும் சக்தி திரும்ப வராது. கேபிளையும், கார்டு பக்கத்தில் தடம் இருந்தால் கார்டையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

அங்கே தடம் இல்லையென்றால் விசிறிகளைப் பாருங்கள். ஆறு விசிறிகளும் அவற்றின் விளக்குகளும் பெரும்பாலும் ஒரு சிறு பெட்டியில் இணைந்து, அங்கிருந்து ஒரே ஒரு சாட்டா பவர் கனெக்டர் வழியாக மின்சாரம் எடுக்கும். அந்தத் தட்டையான கனெக்டர் 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்கு மேல் சுமக்க வேண்டியதல்ல. நல்ல பொருளாக இருந்தால் ஆறு விசிறிக்கு அது தாராளமாகப் போதும், பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி மொத்தமாக வார்த்த மலிவு அடாப்டராக இருந்தால் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக் கருகுவது உண்டு. ஆனால் இதற்கும் விளையாட்டுக்கும் அவ்வளவு தொடர்பில்லை, விளக்கு எரியும் நேரமெல்லாம் வாடை வர வேண்டும். ஆகவே உங்கள் வீட்டில் இதற்கு வாய்ப்பு குறைவு. மதர்போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்குப் போகும் எட்டு பின் கனெக்டரையும் அதே முறையில் கழற்றிப் பார்த்துவிடுங்கள், அது விளையாட்டின் சுமையைத் தாங்குவது. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் படலத்தை எடுக்காமல் மாட்டும் தவறு அடிக்கடி நடக்கிறது என்றாலும், அப்படியிருந்தால் பிராசஸர் 72 டிகிரியில் நின்றிருக்காது.

எங்கேயும் தடம் தெரியவில்லையென்றால், பெரும்பாலும் குறை பவர் சப்ளைக்குள்ளோ கார்டின் உறைக்குள்ளோ இருக்கிறது. இனி அது வீட்டில் பார்க்கும் வேலையல்ல. கடைக்கு எடுத்துப் போய், உங்கள் முன்னாலேயே வேறொரு பவர் சப்ளையை அதற்குரிய கேபிளோடு மாட்டி, கதவைத் திறந்து வைத்து, சுவிட்சில் ஒருவர் கை வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கேபிளையும் சேர்த்து மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பவர் சப்ளையின் கேபிளை இன்னொன்றில் மாட்டினால் துளை பொருந்தும், ஆனால் உள்ளே எந்த வோல்ட் எந்தப் பின்னில் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அப்படி மாட்டி எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்கும் ஒரு நொடியில் எரிந்து போனவர்கள் உண்டு. வாடை பவர் சப்ளையோடு போய்விட்டால் அதை மாற்றித் தர வேண்டும், திறந்து பழுது பார்த்துத் தருவதை ஏற்க வேண்டாம்.

கடைக்காரர் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். பில், ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண், நீங்கள் எடுத்த படங்கள் ஆகியவற்றோடு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ புகாரை அனுப்பி, அதை அழிக்காமல் வைத்திருங்கள். கருகிய கேபிளைக் கடையில் விட்டுவிட்டு வர நேர்ந்தால் படமும் ரசீதும் இல்லாமல் வராதீர்கள். பவர் சப்ளைக்கும் கார்டுக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் உத்தரவாதம் தனித்தனியாக உண்டு, அவர்களின் சேவை மையத்தையும் நேரடியாக அணுகலாம். இரண்டும் பலிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடரவும் வழி உண்டு. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை, குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும்.

இடையில் எப்போதாவது புகையே கண்ணில் பட்டால், விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். சுவர்ச் சுவிட்சை அணையுங்கள். அந்தச் சுவிட்சே சூடாக இருந்தால் மெயினை அணையுங்கள். தண்ணீரை ஊற்றக் கூடாது. உலர்ந்த பொடி தீயணைப்பான் ஒன்று தறிக்கூடத்தில் இருந்தால், அது எங்கே மாட்டியிருக்கிறது என்பது மகனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். முன்கட்டும் பின்கட்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டில், பஞ்சும் நூலும் குவிந்திருக்கும் இடத்துக்குத் தீ போகவே கூடாது.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். என் மகளின் புதுக் கேமிங் கணினியைப் பழைய 600 விஏ யுபிஎஸ்ஸில் மாட்டியிருக்கிறோம். மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போய்ப் போய் வருகிறது. அப்போதெல்லாம் மேசையருகே அழுகிய முட்டை போல ஒரு நாற்றம். கணினிதான் எரிகிறதோ என்று பயமாக இருக்கிறது. மலை உயரமும் பனியும் காரணமாக இருக்குமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: அழுகிய முட்டை நாற்றம் கணினியிலிருந்து வருவதில்லை. அது யுபிஎஸ்ஸின் ஈய அமில பேட்டரி அளவுக்கு மீறி மின்னேறிச் சூடாகும்போது வெளிவரும் வாயுவின் நாற்றம். அந்த வாயு நச்சு. சற்று நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும் என்பதால், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்திருப்பதும் ஆபத்து. கூடவே எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனும் வெளிவரும். ஆகவே ஜன்னல்களைத் திறந்து, யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, அறையில் தீக்குச்சியோ ஊதுபத்தியோ ஏற்றாமல் வெளியே வந்துவிடுங்கள். பேட்டரி ஆறிய பிறகு ஒரு மெக்கானிக் திறந்து பார்த்தால் அதன் பக்கங்கள் உப்பியிருப்பதைக் காட்டுவார். உப்பிய பேட்டரியைக் குத்துவதோ குப்பையில் எறிவதோ கூடாது, 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது முறையான சேகரிப்புக்குத்தான் போக வேண்டும். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடலாம்.

பேட்டரியை மாற்றினாலும் அந்த யுபிஎஸ் உங்கள் மகளின் கணினிக்கு ஆகாது. 600 விஏ என்று எழுதிய யுபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். விளையாட்டின் நடுவே கணினி 400 வாட்டைத் தாண்டிவிடும். கரண்ட் போகும் அந்த நொடியில் யுபிஎஸ் திணறி அணையும், அல்லது சூடேறும். அதோடு மலிவு யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது படிப்படியாக வெட்டிய அலையைத் தருகின்றன, இன்றைய பவர் சப்ளைகள் சில அதை ஏற்காமல் ரீங்கரிக்கும். தூய சைன் அலை தரும், கணினியின் உச்ச வாட்டுக்கு மேல் தாங்கும் யுபிஎஸ் ஒன்றை வாங்கிவிடுவதே நல்லது. இடி இறங்கும் மாலைகளில் அதையும் பிடுங்கிவிடுங்கள், கூடவே இணையக் கேபிளையும்.

உயரத்தைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு, அந்த அளவுக்கு விசிறி அள்ளிச் செல்லும் வெப்பமும் குறையும். ஆனால் சேலத்தில் சித்திரை வெயிலில் 38 டிகிரி அறையில் ஓடும் கணினியை விட, உங்கள் 22 டிகிரி அறையில் ஓடும் கணினி கட்டாயம் குளிர்ச்சியாகவே இருக்கும். பனி வேறு விஷயம். மேகம் அறைக்குள் வந்து போகும் ஊரில், குளிர்ந்து கிடக்கும் உலோகத்தின் மேல் ஈரம் படியும். ஒரு வாரம் மூடிக் கிடந்த கணினியை ஈரமான காலையில் உடனே இயக்காமல், ஜன்னலைச் சாத்தி அறை வெதுவெதுப்பான பிறகு இயக்கச் சொல்லுங்கள். கேபினெட்டின் பின்னால் திறந்து கிடக்கும் இடைவெளிகளுக்கு உரிய மூடித் தகடுகளையும் போட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் இந்தச் சூட்டைத் தேடி எறும்பும் பல்லியும் வந்து குடியேறும், பிறகு அவற்றால் வரும் கருகல் வாடை தனிக்கதை.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். இடம் இல்லாததால் தம்பியின் கணினியும் பட்டறையின் ஒரு மூலையில்தான் இருக்கிறது. இரண்டு நாளாக லேசான கருகல் வாடை. கேபினெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதுமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: காற்றடிக்காதீர்கள். பஞ்சுத் தூசியும் மண் தூசியும் காற்றுவழியை அடைக்குமே தவிர மின்சாரத்தைக் கடத்தாது. அரத்தில் தேய்ந்து உதிரும் வெள்ளித் தூளோ நன்றாகக் கடத்தும். காற்றடித்தால் அது மூலையிலிருந்து கிளம்பி, மதர்போர்டின் நெருங்கிய கால்களுக்கிடையே போய்ப் படியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்து, பாகம் பாகமாகக் கழற்றி, மின்னணுப் பொருட்களுக்கான தூரிகையாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் துடைத்து, முழுக்க உலர்ந்த பின் மாட்டச் சொல்லுங்கள். பவர் சப்ளைக்குள் தூள் போயிருந்தால் அதைச் சுத்தம் செய்ய முயலாமல் புதிதாக மாற்றுவதே பாதுகாப்பு. வெள்ளியைச் சுத்தம் செய்யும்போது எழும் அமில ஆவி, செம்புத் தடங்களையும் கனெக்டர் பின்களையும் மெல்ல அரிக்கும். அரித்த பின் மின்சாரத்தைத் தடுத்துச் சூடேறும், அம்மாப்பேட்டை வாசகிக்குச் சொன்ன கருகல்தான் பிறகு உங்களுக்கும் வரும். எவ்வளவு இடநெருக்கடி இருந்தாலும் கணினியைப் பட்டறையின் அதே அறையில் வைக்க வேண்டாம், படுக்கையறையில் ஒரு சிறு மேசை போதும். பட்டறைக்கும் அந்த அறைக்கும் இடையே கதவு சாத்தும்படி இருந்தால் இன்னும் நல்லது.